பெரியப்பா பார்த்த மட்ச்சுகள்

"காசுக்கு விளையாடுறவன் பந்துக்காக நிலத்திலை விழமாட்டான், அண்ணை."

பாரிஸில், மார்க்ஸ் டோர்மோய் பக்கம் போகும் மெத்ரோ ரயிலில் ஒருவர் இப்படிச் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது. கூடைப்பந்துப் பேச்சு. மரக்கறிப் பையோடு நின்ற அண்ணன்காரர் சிரித்தார்.

"ஆர் சொன்னது? இப்பத்தைய தொழில்முறை ஆக்கள் எவ்வளவு தூரத்திலை நிண்டு கூடைக்குள்ளை போடுறாங்கள்! முந்தி உப்பிடி இல்லை."

"அப்ப கல்லூரி ஆட்டம்?"

"அதுதான் இறங்கிப்போச்சு. அமெரிக்காவிலை முந்தி நாலு வருசமும் ஒண்டா நிண்டு விளையாடுவாங்கள். இப்ப கெட்டிக்காரன் ஒரு வருசத்திலை காசுக்கு ஓடிவிடுறான்."

தம்பிக்காரர் அண்ணன் பக்கம் நெருங்கி நின்றார். பிறகு சொன்னார்: "மகளையும் ஒரு கிளப் காசுக்கு விளையாடக் கேக்குது. பல்கலைக்கழகத்தை விட்டிட்டு வரட்டாம். இண்டைக்குப் பதில் சொல்லவேணும். 'பெரியப்பாவைக் கேளுங்கோ, அவர்தானே எல்லா மட்சும் பாத்தவர்' எண்டிட்டாள்."

"தகப்பன் நீ. நீ சொல்லன்."

"நான் ஒரு மட்ச் கண்டனானே? வியாழக்கிழமையளிலை மட்ச், நான் ரெஸ்ரோறன்ற் குசினியிலை சமையல் வேலை. நீங்கள் போய்க் கத்தினபடியால்தான் பிள்ளை இவ்வளவுக்கு வந்தவள். இந்த நன்றியை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

"முதல்லை இந்தப் பையைப் பிடி." அண்ணன்காரர் மூக்கைத் துடைத்தார். "படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம்தானே. தன்ரை கூட்டாளியளோடை முடிச்சிட்டுப் போகட்டும். கெட்டிக்காரியை அடுத்த வருசமும் கேப்பாங்கள்."

"அப்ப எனக்கும் பாக்க ஒரு வருசம் கிடக்கு!"

தகப்பன் நின்ற இடத்திலேயே கைபேசியை எடுத்து, வியாழக்கிழமைகளில் லீவு வேண்டுமென்று முதலாளியிடம் பிரெஞ்சில் கேட்கத் தொடங்கினார்.