மெல்லிய உறை போட்ட பதினைந்து

காப்பி ஆறிவிட்டது, பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். நீங்கள் கேட்டது தோட்டாக்களைப் பற்றித்தானே, இன்ஸ்பெக்டர் மேடம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேட்டைத் தோட்டா என்பது ஈயம், அதன்மேல் செம்பு உறை. எடை குறைந்ததை நரி மாதிரிச் சின்ன மிருகங்களுக்காகச் செய்கிறார்கள். உறை மெல்லிசு, பட்டவுடன் பிய்ந்து சிதறிவிடும். எடை கூடியதற்கு உறை தடிமன். கரடியின் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். இரண்டுக்கும் துப்பாக்கி ஒன்றேதான். இந்தக் கோடியாக் தீவில் இருபத்திரண்டு வருஷமாகப் பாதிப் பேருக்கு நான்தான் தோட்டா அடைத்துக் கொடுக்கிறேன். ரஸ் ஹேகனுக்கும்.

ரஸ் என் உயிரைக் காப்பாற்றியவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அடிபட்ட கரடி ஒன்று புதரிலிருந்து பாய்ந்தபோது, நான் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவன் நின்று சுட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கதையைச் சொல்லாத விருந்து கிடையாது.

"டெல்மர் ஓடின ஓட்டத்தப் பாத்துட்டு கரடியே ஒரு நிமிஷம் நின்னுடுச்சுப்பா," என்பான். "பாவம், அதுக்கே வெக்கமாப் போச்சு."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். கடைசியாக என் மகள் கல்யாணத்தில் சொன்னான். புது மருமகன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். மகள் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் வேட்டைக்கென்று ரஸ் ஒரு பெட்டி கேட்டான். இருபது தோட்டா. மேல் வரிசை ஐந்துக்கும் தடித்த உறை, ஏனென்றால் கிளம்புமுன் அட்டையில் சுட்டுப் பார்ப்பது அவன் பழக்கம். மிச்சம் பதினைந்தும் மெல்லிசு. தடித்ததைப் போலவே மூக்கு மழுங்கலானதாகப் பார்த்துப் பொறுக்கினேன், வித்தியாசம் தெரியாது.

"அஞ்சும் ஒரே ஓட்டைல போகுதுடா. உன் கைக்கு முத்தம் குடுக்கணும்," என்று போனில் சொன்னான்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரே ஒரு தடவை அவனும் ஓட வேண்டும், நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நாங்கள் வேட்டைக்குப் போன மூன்றாம் நாள் காலை, ஓடைக்கரையில், முப்பதடி தூரத்தில் கரடி எழுந்தது. ரஸ் அதன் தோளில் இரண்டு முறை சுட்டான். மயிர் பறந்தது. கரடி நிற்கவில்லை. அவனும் ஓடவில்லை.

"டெல்மர், நீ சுடு," என்றான், உப்பை எடு என்பதுபோல.

என் துப்பாக்கியில் தடித்த உறைதான். சுட்டேன், கொஞ்சம் பிந்தி. ஒரே குண்டில் கரடி அவன்மேலேயே சரிந்தது.

இழுத்து வெளியே கிடத்தினேன். வயிற்றுப் பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தத் தடவ நீ ஓடலடா," என்றான். "இனிமே கதைய மாத்திச் சொல்றேன்."

அவன் மனைவி லோர்னாவிடம், உடனே போய்விட்டான் என்று சொன்னேன். பொய். உயிர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. செயற்கைக்கோள் போன் என் பையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஹெலிகாப்டர் இருபத்தைந்து நிமிஷத்தில் வந்திருக்கும் என்கிறீர்கள். வந்திருக்கும். ஆனால் அவன் என் கையை அவ்வளவு நம்பிப் பிடித்திருந்தான், மேடம். உதறிவிட்டுப் போன் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.