முஸ்தபா கெமாலின் வெண்கட்டி

செல்வமலர்: ...தாய் தேப்பன் வைச்ச பேர் முஸ்தபா. கெமால் எண்டது கணக்கு வாத்தியார் வைச்சது. சரியோ?

றஞ்சித்: சரி. பிறந்த ஊர்?

செல்வமலர்: சலோனிக்கா. இப்ப அது கிரேக்க நாட்டிலை... இஞ்சேருங்கோ, ஏன் அந்தக் கதவோடை ஒட்டிக்கொண்டு நிக்கிறியள்? வந்து வாங்கிலை இருங்கோவன்.

றஞ்சித்: நாரி பிடிச்சு முதுகு நோகுது. நிண்டால்தான் சுகம். கதையை மாத்தாதையும், சோதினைக்கு இன்னும் பத்து நிமிசம்தான்.

செல்வமலர்: உங்கடை முதுகுக்குப் பின்னாலை ஏதோ பேப்பர் ஒட்டிக் கிடக்கு. கசங்கப் போகுது.

றஞ்சித்: அது... சிகரெட் பத்தக் கூடாது எண்டு போட்டிருக்கு. துருக்கி குடியரசானது?

செல்வமலர்: ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்து மூண்டு, ஒக்டோபர் இருபத்தொன்பது. ஐயோ, இத்தாலியனிலை சொல்லேக்கை நாக்குப் பிரளுதப்பா. போன வருசம் மாதிரி வாயடைச்சுப் போனால்...

றஞ்சித்: அடைக்காது.

செல்வமலர்: இந்தமுறையும் எட்டாம் வகுப்புப் பாஸாகாட்டில் ஆசுப்பத்திரிக் கோர்ஸுக்கு எடுக்க மாட்டினம். பிறகு சீசாத் தெருப் பக்கம் அந்தச் சிஞ்ஞோரா அம்மா வீட்டுத் தரையைத் துடைச்சபடியே கிழவியாயிடுவன்.

றஞ்சித்: கிழவியானாலும் வடிவாத்தான் இருப்பீர்.

செல்வமலர்: வாயைப் பார்!

றஞ்சித்: குடும்பப் பேர்ச் சட்டம்?

செல்வமலர்: முப்பத்து நாலு. அப்பதான் அவருக்கு அத்தாதுர்க் எண்டு பேர் வந்தது. எங்களுக்கு இஞ்சை இத்தாலிக்கு வந்து அப்பாமாரின்ரை பேரெல்லோ குடும்பப் பேராப் போச்சு! ரீச்சர் "அருளையா" எண்டு கூப்பிடேக்கை, அப்பா எழும்பி வாறாரோ எண்டு திரும்பிப் பாக்கிறனான்.

றஞ்சித்: ம்... அதை விடும். எழுத்தை மாத்தினது?

செல்வமலர்: இருபத்தெட்டு. அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்து.

றஞ்சித்: இப்பிடி மொட்டையாச் சொல்லாதையும். சண்டையிலை வெண்ட தளபதி, நாட்டின்ரை தலைவர்... அந்த மனுசன் வெண்கட்டியும் கையுமாக் கரும்பலகைக்கு முன்னாலை நிண்டு சனத்துக்குப் படிப்பிச்சவர் எண்டு சொல்லும். வளந்த ஆக்கள் எல்லாம் முதல் எழுத்திலையிருந்து தொடங்கினவை... வெக்கப்படாமல்.

செல்வமலர்: கொப்பியைப் பாராமலே சொல்லுறியள்!

றஞ்சித்: ரெண்டு மாசமா உம்மைக் கேள்வி கேட்டுக் கேட்டு... தானாப் பாடமாயிட்டுது.

செல்வமலர்: செவ்வாயும் வியாழனும் பட்டறையிலை ஓவர்டைம் செய்து களைச்சு வந்தும் மறக்கேல்லைப் பாருங்கோ.

றஞ்சித்: ...ஓம். பிரான்காச்சோப் பட்டறையிலையிருந்து வாற பஸ்ஸிலை யோசிச்சுக்கொண்டு வருவன்.

செல்வமலர்: நீங்களும் சோதினை எடுக்கலாம் போலை கிடக்கு.

றஞ்சித்: விசரே? ஐம்பத்தொரு வயசிலை! பெயிலானால் உம்மடை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?

செல்வமலர்: போன வருசம் நான் பெயிலாகி உங்கடை முகத்திலை முழிக்கேல்லையோ? தேத்தண்ணி போட்டுத் தந்தனியளெல்லோ.

றஞ்சித்: உஷ்... கதவு திறக்குது. உம்மைத்தான்! எழும்பும், எழும்பும்.

ரீச்சர் சப்ரினா: முதலில் சிஞ்ஞோர் ஞானசேகரம்! உள்ளே வாருங்கள்.

றஞ்சித்: அது... மலர்... ஆரோ வேறை ஆளாக்கும்...

செல்வமலர்: உங்கடை அப்பா, என்ரை மாமாவின்ரை பேர் எனக்குத் தெரியாதோ? கதவிலை ஒட்டின சோதினைப் பேர்ப் பட்டியலை முதுகாலை மறைச்சால் தெரியாமல் போகுமோ? சித்திரையிலையே செவ்வாய், வியாழன் நடக்கிற மற்ற வகுப்பின்ரை வரவுப் புத்தகத்திலை உங்கடை பேரைக் கண்டிட்டன். ஓவர்டைம் செய்த கையிலை ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் வந்தால் நான் என்ன நினைக்கிறது? உங்களுக்கும் சோதினையிலை இந்த முஸ்தபா கெமால்தான் எண்டு ரீச்சர் சொன்னவ. அதுதான் நாள் தவறாமல் உங்களைக் கொண்டு கேள்வி கேப்பிச்சனான்... எனக்கு எல்லாம் எப்பவோ பாடம். போங்கோ. அந்த வெண்கட்டிக் கதையை மறக்காமல் சொல்லுங்கோ. பாஸோ பெயிலோ, பிளாஸ்கிலை தேத்தண்ணி கிடக்கு... ரெண்டு பேருக்கும்.