உறுமல் பெட்டி

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பார்த்துத் தூக்கச் சொல்லுங்கள், ஐயா. உள்ளே இருக்கிற ரேடியோ வால்வு இரண்டும் கண்ணாடி. உங்கள் கான்ஸ்டபிள் அதைத் தேங்காய் மூட்டை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மேசை நடுவில் வைக்கட்டும். ஓரத்தில் வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். நடுவிலிருந்து ஆரம்பித்தால் கேட்பவர்கள் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்வார்கள்.

என் பெயர் கண்ணுசாமி. கறம்பக்குடி கடைவீதியில் மைக் செட் வைத்திருக்கிறேன். ரேடியோ ரிப்பேரும் உண்டு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் என் ஒலிபெருக்கிக் குழாய்தான் பாடும். என் செட்டில் இரைச்சல் என்று ஒருவர் சொன்னது கிடையாது. தொழிலில் எனக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பள்ளிக்கூடப் பரீட்சை நாளில் சத்தத்தைக் குறைப்பேன். சாமி வீதி வந்தால் நிறுத்துவேன். தெருவில் பிணம் போனால் அது தெருமுனை தாண்டும் வரை சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து நிற்பேன். முன்பின் தெரியாதவர் பிணமானாலும் அப்படித்தான். கடைவீதியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

வீட்டில் நானும் என் தங்கை செவந்தியும்தான். முன்னால் கடை, நடுவில் நாங்கள் இருக்கும் அறை, பின்னால் தகரம் போட்ட சாமான் அறை. அப்பாவும் ஆத்தாவும் போன பிறகு நான்தான் அவளை வளர்த்தேன். அவளுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதைச் சொல்லிக்காட்டுவதாக அவள் குறைப்படுவாள். உண்மையைச் சொல்வது எப்படிச் சொல்லிக்காட்டுவதாகும்?

அவளுக்கு மாப்பிள்ளை தயாராக இருந்தார். கொடும்பாளூர் மாமன் மகன், அடைக்கலம். முறை மாப்பிள்ளை. போன மாசி மாதம் வெற்றிலை பாக்கு மாற்றி, வைகாசியில் கல்யாணம் என்று நாலு பேர் முன்னால் வாய் கொடுத்துவிட்டேன். அந்த வாய்க்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராக்கன் வந்தான். வல்லத்திராக்கோட்டைப் பையன். மேடைக் கச்சேரிகளில் கிதார் வாசிப்பவன். தந்திக்கு அடியில் காந்தம் வைத்து, வயர் வழியாகச் சத்தத்தை ஆம்பிளிபயருக்கு அனுப்புகிற கிதார். பினாங்கிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்த இசைத்தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். போட்டுக் கேட்டேன். கிதார் கிழிந்துபோய் உறுமியது.

“ஸ்பீக்கர் பீத்தலாப் போன ரெக்கார்டு இது” என்றேன்.

“இல்லண்ணே, வேணும்னே அப்படிப் பண்ணியிருக்காய்ங்க. எனக்கும் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. கால்ல அமுத்துனா உறுமணும், விட்டா சாதுவா ஆயிரணும்.”

வாழ்நாள் முழுக்க இரைச்சலைத் துடைத்து எடுத்தவனிடம் வந்து இரைச்சல் செய்து கொடு என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் என்னால் சும்மா உட்கார முடியாது. பழைய ரேடியோவிலிருந்து இரண்டு வால்வு எடுத்தேன். ஒரு வால்வுக்கு அது தாங்குகிற அளவுக்கு மேல் கொடுத்தால், அதன் குரல் மாறிப்போகும். மேலேயும் கீழேயும் நறுக்கிவிட்ட மாதிரி ஆகிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உள்ளே மெதுவாகத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் வெளியே ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் உறுமும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. பின்னால் நான் சொல்வதற்கு இது வேண்டும்.

பெட்டி சாக்கில் ராக்கன் அடிக்கடி வந்தான். செவந்தி காபி கொண்டுவந்து வைத்தாள். பிறகு காபி இல்லாமலே வந்து நின்றாள். நான் குனிந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். சித்திரை பிறந்ததும் ஒரு நாள் என் முன்னால் வந்து நின்று சொன்னாள்.

“அண்ணே, அடைக்கலம் மாமாவை நான் கட்டிக்க மாட்டேன். ராக்கனுக்குத்தான் வாக்கப்படுவேன்.”

“ஒனக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா?”

“நீங்க என்ன சொன்னாலும் சரி. ஞாயித்துக்கெழமை நான் கெளம்பிருவேன்.”

கிளம்புவேன் என்று அவளே சொன்னாள். அதனால் சாமான் அறையில் விட்டுப் பூட்டினேன். கோபத்தில் செய்யவில்லை. எனக்குக் கோபமே வராது. மனம் ஒரு நிலைக்கு வரும் வரை இருக்கட்டும் என்றுதான். பாய், விசிறி, ஒரு குடம் தண்ணீர், சோறு எல்லாம் உள்ளே வைத்தேன்.

மறுநாள் சோறு கொடுக்கக் கதவைத் திறந்தேன். குடத்துத் தண்ணீரை அப்படியே என் மேல் ஊற்றிவிட்டு ஓடினாள். எரிந்துகொண்டிருக்கிற வால்வு மேல் ஒரு சொட்டுப் பட்டிருந்தால் கண்ணாடி வெடித்திருக்கும். பெட்டி அப்போது நடு அறையில்தான் இருந்தது. நல்லவேளை, படவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பாதி தூரம் போயிருந்தாள். கொல்லைப் பக்கமாகவே திரும்பக் கூட்டி வந்தேன். கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு கதவைத் திறப்பது சரியில்லை என்று தோன்றியது. திறந்தால் ஓடுகிறாள், ஓடினால் தெரு பார்க்கும்.

பூட்டின பிறகு கத்த ஆரம்பித்தாள். கதவை உள்ளங்கையால் அடிப்பாள். “அண்ணே, தொறங்க” என்பாள். அப்புறம் “தண்ணி, தண்ணி” என்றாள். முந்தின நாள் தண்ணீரை என் மேல் ஊற்றியவள் இன்று தண்ணீர் கேட்டால் யார் நம்புவார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

ராக்கனுடைய கிதார் என்னிடம்தான் இருந்தது, காந்தம் சரிபார்க்க. சாமான் அறைக் கதவில் ஓர் ஆணி உண்டு. கிதாரை நான் அங்கேதான் மாட்டி வைப்பேன். அன்றைக்குப் பெட்டியைச் சோதிப்பதற்காகக் கிதாரை ஆணியிலிருந்து எடுக்காமலே வயரை மட்டும் கொடுத்து, குழாயைக் கடை வாசலில் வைத்து, சுவிட்சைப் போட்டேன். அவள் கதவை அடித்தாள். அடித்த அதிர்வில் தந்தி அதிர்ந்தது. பெட்டி உறுமியது. அவள் கத்தினாள். மரமும் தந்தியும் அதையும் வாங்கிக்கொண்டன. பெட்டி அதையும் உறுமலாக்கி வெளியே விட்டது. நான் தந்தியைத் தொடக்கூட இல்லை, ஐயா. எவ்வளவு அடித்தாளோ அவ்வளவும் அவளையே மூடியது. இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆணி அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

எதிரே இட்லிக் கடை அழகம்மாள் வந்தாள்.

“ஏண்ணே, விடிஞ்சதுலேருந்து இதென்ன சத்தம்? கன்னுக்குட்டிய அறுக்குற மாதிரி இருக்கு. கடைக்கு வாரவுக எல்லாம் காதப் பொத்திக்கிட்டுப் போறாக.”

“கச்சேரிக்குச் செய்யுற பெட்டி, அழகம்மா. ரெண்டு நாள் பொறுத்துக்க.”

“செவந்திய எங்க காணோம்?”

“கொடும்பாளூருக்குப் போயிருக்கா. மாமா வீட்டுக்கு.”

“கல்யாணத்துக்கு முந்தியேவா? நல்லாருக்கே ஒங்க நாயம்” என்று சிரித்துவிட்டுப் போனாள். போகிற போக்கில் குழாயை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் திருப்பவில்லை. பக்கத்துக் கடைக்காரர்களை அனுசரித்துத்தானே போக வேண்டும்?

ராக்கனும் வந்தான். செவந்தியைத் தேடித்தான் வந்திருப்பான். ஆனால் என்னிடம் கேட்கத் தைரியமில்லை. கண்ணை மட்டும் உள்ளே ஓட்டினான். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவன் பெஞ்சில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் அறையும் ஒரு கதவும்தான்.

“அண்ணே, இது அந்த ரெக்கார்டையே தூக்கிச் சாப்புட்டுரும்போல இருக்கே. உறுமலுக்குள்ள யாரோ அழுவுற மாதிரி வருது பாருங்க. அத மட்டும் எடுத்துராதீங்க. அப்படியே இருக்கட்டும்.”

“எடுக்க மாட்டேன்” என்றேன்.

“எப்படிண்ணே கொண்டாந்தீங்க அத?”

“அதுவா வந்தது.”

அவன் கண் கலங்கியிருந்தது. பாட்டுக்காரர்களுக்குச் சீக்கிரம் கண் கலங்கும். இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது, பிறகு வா என்று அனுப்பி வைத்தேன். அவனை நான் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன ஸ்பீக்கரில் எனக்கு மட்டும் கேட்கும்படி வைத்துக்கொண்டேன். தூங்க வேண்டுமே. பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் நான் நன்றாகத் தூங்குகிறேன். அந்த வாரம் வெயில் கொஞ்சம் கடுமை. தகரத்தில் கை வைக்க முடியவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உறுமல் குறையவே இல்லை. நான்தான் முதலிலேயே சொன்னேனே, மெதுவாகத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் அந்தப் பெட்டிக்கு ஒன்றுதான். தெம்பாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. குழாயிலிருந்து வரும் சத்தமே திரும்பிப் போய்த் தந்தியை அதிரவைக்கும். தந்தி அதிர்ந்தால் மறுபடி உறுமும். ஒரு முறை தொடங்கிவிட்டால் யாரும் தொட வேண்டியதில்லை. அது தானாகவே அழுதுகொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் முற்பகலில் இருளாயிக் கிழவியின் பிணம் கடைவீதி வழியாகப் போனது. மேளத்தைக் கேட்டதுமே சுவிட்சை அணைத்தேன். கடைப் பலகை இரண்டை மாட்டிக் கடையைப் பாதி சாத்திவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். பிணம் போனது, பின்னால் ஆட்கள் போனார்கள். மேளச் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்துபோனது.

கடைக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு நாளாக அந்தப் பெட்டியோடு இருந்த எனக்கு, எங்கள் வீட்டில் ஒரு சுவர்க்கடிகாரம் ஓடுகிறது என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாமான் அறைப் பக்கம் காது கொடுத்தேன். அவள் கதவைத் தட்டவில்லை. கூப்பிடவில்லை. “செவந்தி” என்று ஒரு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. புத்தி வந்துவிட்டது, அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். சாவி என் மடியில்தான் இருந்தது.

சுவிட்சைப் போட்டேன். வால்வு சூடாகி, பெட்டி லேசாக முனகியது. உறுமவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். தந்தியைத் தொடங்கிவைக்க ஏதாவது வேண்டும். கதவருகே போய், ஆணியில் தொங்கின கிதாரின் தடித்த தந்தியை என் கட்டைவிரலால் ஒரு தரம் மீட்டிவிட்டு வந்தேன். அதன் பிறகு அது பாட்டுக்கு உறுமியது.

ராக்கன் இரண்டு நாள் கழித்து வந்தான். வழக்கம்போல் பெஞ்சில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“அண்ணே, அந்த அழுகையக் காணமே. எடுத்துப்புட்டீங்களா?”

“நான் ஒண்ணும் எடுக்கல. நின்னுபோச்சு.”

“வெறும் இரைச்சலால்ல இருக்கு. எப்பலேருந்து நின்னுச்சு?”

அவன் மூக்கை உறிஞ்சி எதையோ மோந்து பார்த்தான். எழுந்தான். வயரைப் பிடித்துக்கொண்டே அது எங்கிட்டுப் போகிறது என்று பார்த்தபடி நடு அறைக்குள் போனான். கதவில் தொங்குகிற தன் கிதாரைப் பார்த்தான். பூட்டைப் பார்த்தான். பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. பூட்டை உடைத்தது அவன்தான். கேட்டிருந்தால் சாவி கொடுத்திருப்பேன். அவன் போட்ட சத்தத்துக்குத்தான் கடைவீதியே கூடியது. பெட்டிக்குக் கூடாத கூட்டம்.

பூட்டியது நான்தான், ஐயா. தண்ணீர் கொடுக்காததும் நான்தான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. கையெழுத்துப் போடுகிறேன். கொல்ல வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்டால், இல்லை. என் தங்கையின் மேல் எனக்கு உயிர். நாலு பேர் காதில் அவள் குரல் விழக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறீர்கள். அவள் அடங்கிவிட்டாள் என்று நினைத்தவன், மறைக்கச் சத்தமே இல்லாத வீட்டில், எழுந்து போய் ஏன் தந்தியை மீட்டினாய் என்கிறீர்கள். யோசித்துத்தான் பார்க்கிறேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

பிணம் தெருவைத் தாண்டிவிட்டதே, ஐயா.