மோர் கொடுத்து மறைத்த நோவு

அடே குழந்தை! தலைவரை அழைக்காமல் தம்பியை அழைக்கிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். லாரி ஓட்டியே தலை நரைத்த என் தம்பி குழந்தைவேல், எனக்குக் கடைசிவரை குழந்தைதான். போன மாதம்தான் அவனை வழியனுப்பினேன்.

தலைமை வகிக்கும் பெரியவர் வெள்ளியங்கிரி அவர்களே, படுத்த படுக்கையானவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் செவிலியர் மைதிலி அவர்களே, வெண்ணந்தூர்த் தாய்மார்களே, முழங்காலை நீவிக்கொண்டே கைதட்டும் பெரியோர்களே, வணக்கம்! எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான், பிழை பொறுங்கள்.

புற்றுநோய் என் தம்பியின் இடுப்பெலும்பில் இறங்கியிருந்தது. மைதிலி வந்து, "வலி எப்படிங்க ஐயா?" என்பார். இவன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். "ஒண்ணுமே இல்லீங்க அம்மிணி. மொதல்ல மோர் குடிங்க!" அவர் தெரு தாண்டியதும் கட்டில் சட்டத்தைக் கடிக்காத குறைதான். ஏன்டா மறைத்தாய் என்றால், "ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட நோவைச் சொன்னா நல்லாவா இருக்கும்க்கா?" என்பான்.

வந்தவர் வயிறு வாடக் கூடாது, வந்தவரிடம் வருத்தம் காட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதையைக் கட்டிலிலுமா காப்பது?

அங்கே யாரது, "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்பது? ராசம்மாள் அக்காவா? அப்புறம் எதுக்குங்க்கா உங்க முதுகுக்குப் பின்னால தலையணை?

மறுமுறை மைதிலி கேட்டபோதும் மோரைத்தான் காட்டினான். நான் சொம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். "மோர் கெடையாதுடா! பட்டறையில வண்டிய உட்டுட்டு, மெக்கானிக்குகிட்ட நல்லாத்தான் ஓடுதுன்னு சொல்லிட்டு வருவியா?" மைதிலியும் சிரித்தார். "நான் விருந்துக்கு வரலீங்க ஐயா, வேலைக்கு வந்திருக்கேன்."

அப்போதுதான் அவன் சிரிப்பு கலைந்தது. "திரும்பிப் படுத்தா இடுப்புல தீ வெச்சாப்பல இருக்குதுங்க."

அந்த ஒரு சொல்லுக்குத்தானே காத்திருந்தார்கள்! மைதிலி போய்ச் சொன்னதும் மருத்துவர் மருந்தை மாற்றினார். வலி வந்த பிறகு ஓடாதீர்கள், வருமுன்னே நேரம் தவறாமல் கொடுங்கள் என்றார். நோய் போகவில்லை, நோவு அடங்கியது. தூங்கினான். எழுந்ததும், "இது ரசமாக்கா, ரேடியேட்டர் தண்ணியா?" என்றான். அந்த வசவைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

பெரியோர்களே, பல்லைக் கடித்தால் பெருமையா? பொத்தி வைத்தால் வீரமா? கேட்கிறவரிடம் வாயைத் திறங்கள்! எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, சொல்லுங்கள்! தாய்மார்களே, பேச முடியாதவர் சோற்றை ஒதுக்கினால், தொட்டதும் சுருங்கினால், அதுவும் பேச்சுத்தான், காது கொடுங்கள்!

கால் கடுக்க நின்று கேட்டவர்களுக்கும், என் தம்பியின் வாயைத் திறக்க வைத்த மைதிலிக்கும் இந்த அக்காளின் கும்பிடு.

குழந்தை, அங்க உன்னப் பதமாத் திருப்பிப் படுக்க வெக்கிறது யாருடா?