கவிழ்த்து வைத்த குவளை

நெருங்கி உட்காருங்கள்... அந்தக் கதவைச் சாத்துங்கள். இது நம் டென்னிஸின் சொந்தச் சித்தப்பா சிரிலுக்கு நடந்தது.

இங்கிலாந்தில் ஜனவரி மாதம், சாயங்காலம் ஆறு மணி. அதற்குள் கும்மிருட்டு. யார்க்‌ஷயர் மேட்டுவெளியில் ஒற்றை ரோடு, ஈ காக்கை இல்லை. மூடுபனிக்குள் தனியாக நடந்து, சிரில் 'கறுப்புக் கிடா' பப்புக்கு வந்து சேர்ந்தார். கணப்பு, ஈரக் கோட்டு வாடை, சிந்திய பீர் வாடை... அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தாலே போன உயிர் திரும்பிவிடும்.

அன்று திரும்பவில்லை. காலமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து குடித்த வால்டர் போய்ச் சேர்ந்துவிட்டாரே! அங்கே வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஈயக் குவளை உண்டு. ஆள் செத்தால் அதைக் கவிழ்த்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். அப்புறம் யாரும் தொடமாட்டார்கள்.

"வால்டர் இல்லாம எனக்கு பீரே எறங்கல, மேவிசு" என்றார் கடைக்காரியிடம்.

"ரெண்டு எறங்கிருச்சே!" என்றான் மூலையிலிருந்த பெர்சி.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிலுக்குச் சுருக்கென்றது. தம் காலிக் குவளையை பீர் பம்பின் குழாயடியில் வைத்துவிட்டு, வால்டரின் குவளையை எடுத்து நிமிர்த்தினார். தாமே பீர் பிடித்து, வால்டரின் நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"ஐயோ அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீங்க!" மேவிஸ் பதறினாள். "நீங்க ஒண்ணு வாங்கிக் குடுத்தா, அவரு திருப்பி வாங்கிக் குடுக்காம விடமாட்டாரு. அதைக் குடிச்சீங்கன்னா அவரோடயே போக வேண்டியதுதான்."

"வாங்கிக் குடுக்கட்டுமே."

க்ளக்... க்ளக்... யாரோ விழுங்குகிற சத்தம். வால்டரின் குவளைக்குள் பீர் குறையக் குறைய நுரை வழுக்கி இறங்கியது. அப்புறம்... ஆளில்லாத பம்பின் பிடி கிறீச்சென்று தாழ்ந்தது. குழாயடியிலிருந்த சிரிலின் குவளை விளிம்புவரை நிறைந்தது. வால்டரின் சுருட்டு வாடை கமறியது.

சிரில் அந்தக் குவளையைத் தொடவில்லை. விழுந்தடித்து வெளியே ஓடினார். ரோட்டில் பின்னாலேயே காலடிச் சத்தம்... அது துரத்தவில்லை. நிறைந்த குவளையைச் சிந்தாமல் தூக்கி வருகிறவனைப் போல, மெல்ல... மெல்ல...

விடிந்து கதவைத் திறந்தால், வாசற்படியில் அவருடைய குவளை. நுரைகூட அடங்கவில்லை. சாக்கடையில் கொட்டினார். மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும்.

"குடிச்சுத் தொலைச்சிடாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்!" என்று அழுதாள் மனைவி எனிட்.

"எத்தனை நாளைக்குத்தான் அவன் மூஞ்சில அடிக்கிற மாதிரி கொட்டுறது, எனிட்? அவன் என் சிநேகிதன்டி."

அவள் பிடுங்குவதற்குள் குடித்துவிட்டார்.

இப்போது அலமாரியில் இரண்டு குவளைகள் கவிழ்ந்திருக்கின்றன. காரியமெல்லாம் முடிந்த அன்று, பெர்சி கண் கலங்கி, சிரிலின் பெயரைச் சொல்லி எல்லோருக்கும் ஒரு சுற்று பீர் வாங்கினானாம். நல்ல மனசுதான்... ஆனால் 'எல்லோருக்கும்' என்றால் அலமாரியில் கவிழ்ந்திருக்கிற அந்த இரண்டு பேரும் சேர்த்திதானே?

நேற்றுக் காலை அவன் கதவைத் திறந்திருக்கிறான். வாசற்படியில் இரண்டு குவளைகள். இரண்டிலும் நுரை அடங்கவில்லை.