நாற்பதாவது மைலில் ஒரு பை

— காமாக்ஷி, அழுறதெண்டா வலப்பக்கத்து லேனுக்குப் போய் அழும். ஃப்ரீவேயில நாப்பத்தஞ்சில போறீர். பின்னால லொறிக்காரன் லைட் அடிக்கிறான்.

— நான் ஒண்ணும் அழலை, பத்மாக்கா.

— பிறகேன் வைப்பர் போட்டிருக்கிறீர்? மழை இல்லையே.

— ஐயோ, சிக்னல்னு நெனச்சு இதைத் தட்டிட்டேன்.

— அதை நிப்பாட்டும். ஓம். இப்ப சிக்னலைப் போடும். கண்ணாடியைப் பாரும். சரி, போம்.

— வந்துட்டேன். இப்போ சொல்லுங்கோ. ரேஸ்ல அந்த செவப்புத் தொப்பிக்காரர் உங்க நெஞ்சுல குத்தியிருந்த நம்பரைக் கழட்டி வாங்கிண்டாரே, அதைத் திருப்பித் தரவே மாட்டாளா? நான் வேணா ஒரு லெட்டர் எழுதறேன். தப்பு பூரா என்னோடது, இவாளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு.

— தர மாட்டினம். சாப்பாடு தண்ணி குடுக்கிற ஸ்டேஷனுக்கு வெளியில ஆரும் ஓடுற ஆளுக்குக் குடிக்கக் குடுக்கக் கூடாது. முதுகில உள்ள பையைத் தொடக் கூடாது. தொட்டா ஆள் அவுட். எட்டுப் பக்கத் தாள் ஒண்டு தந்தனான். வாசிச்சனீரே?

— படிச்சேனே! எங்க பார்க் பண்ணணும், ஐஸ் எவ்வளவு, நீங்க வந்தா எந்த சாக்ஸை முதல்ல எடுத்துக் குடுக்கணும்... பார்க்கிங் வரைக்கும் அடிக்கோடு போட்டுப் படிச்சேன். அது அஞ்சாம் பக்கம்.

— ரூல் ஆறாம் பக்கம்.

— என் தலையெழுத்து. உருளைக்கிழங்கை வேகவெச்சு உப்பு தடவி வெச்சேன். ஃபிளாஸ்க்ல ரசம் ஊத்தி வெச்சேன். நாற்காலியைப் போட்டு மேல துண்டு விரிச்சேன். எல்லாரும் வந்துண்டிருக்கா, நீங்க மட்டும் வரலை. எத்தனை நாழி உக்காந்திருக்கறது? கும்பகோணத்துல எங்காத்துக்கு யார் வந்தாலும் வாசல்ல நின்னுண்டு வேடிக்கை பாக்க மாட்டோம். தெருக்கோடிக்கே போய்ப் பையை வாங்கிண்டுடுவோம். நடந்து வரவாளைச் சுமக்க விட்டுட்டு சும்மா நிக்கறதாவது? கை தானா நீண்டுடுத்து, அக்கா.

— அதுக்காக மலையில அரை மைல் ஏறி வந்தனீர். செருப்போட.

— ஷூ கார்ல இருந்தது.

— அதுவும் அஞ்சாம் பக்கத்தில இருக்கு. சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரவேணும் எண்டு.

— குத்திக் காட்டாதீங்கோ. இது மூணாவது வருஷம் இல்லையா?

— ஓம். முதல் வருஷம் முப்பதாம் மைலில நேரம் முடிஞ்சுது. போன வருஷம் முழங்கால். இந்த முறை நேரமும் இருந்தது, முழங்காலும் இருந்தது. நாப்பது நிமிஷம் மிச்சம் வச்சுக்கொண்டு வந்தனான்.

— அம்பது மைல்ல நாப்பது ஓடியாச்சு. எட்டு மாசமா விடியக்காலம் அஞ்சு மணிக்கு மிஷன் பீக் மலைல ஏறுவேள், இறங்குவேள், மறுபடியும் ஏறுவேள். அப்பறம் பார்மசிக்குப் போய் எட்டு மணி நேரம் நின்னுண்டே மாத்திரை குடுப்பேள். கால் விரல்ல நகம் ரெண்டு விழுந்தது. நான்தானே பஞ்சு வெச்சுக் கட்டினேன்.

— மூண்டு. ஒண்டை உமக்குக் காட்டேல்லை. நீர் மயங்கி விழுந்தா அது இன்னொரு வேலை.

— கேலி பண்றேளா?

— இல்லை, உண்மையாத்தான். நீரும் கனக்கச் செய்தீர். ரெண்டு தரம் டெஸ்டில ஃபெயில் விட்டு, மூண்டாம் தரம் லைசென்ஸ் எடுத்தீர், எனக்குச் சாமான் கொண்டு வாறதுக்கெண்டு.

— எனக்கு வேற என்ன வேலை? ஹெச்-ஃபோர் விசால சம்பளத்துக்குப் போக முடியாது. எங்காத்துக்காரர் கிரீஷ், ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிடும், வைடூகே வைடூகேன்னு ஆபீஸ்லயே குடியிருக்கார். அபார்ட்மென்ட்ல சுவத்தைப் பாத்துண்டு இருந்தவளை நீங்கதான் நடக்க வான்னு கூப்பிட்டேள். ஒருத்தருக்காவது பிரயோஜனமா இருப்போம்னு கிளம்பி வந்தேன். வந்து, உங்களைக் கவுத்துட்டேன். உங்காத்து டாக்டர் என்னைப் பத்தி என்ன நெனச்சுப்பார்?

— இவரோ? இவருக்கு இண்டைக்கு ஹொஸ்பிட்டல் டியூட்டி. வந்த உடனே "முடிச்சதோ?" எண்டு கேப்பார். இல்லை எண்டா, "சரி, குளிச்சிட்டு வாரும்" எண்டுவார். போன ரெண்டு வருஷமும் அதுதான் நடந்தது. மனுசனில பிழை இல்லை. அவருக்கு இது ஒரு விளையாட்டு.

— உங்கம்மா? இன்னிக்கு கொழும்புக்குப் போன் பண்ணி சொல்லணும்னு காலம்பற காலிங் கார்டெல்லாம் வாங்கி வெச்சேளே.

— போன கிழமையும் கதைச்சனான். "நாங்கள் ஊரை விட்டு ஓடினது ஆமி வந்தபடியால். உன்னை ஆர் துரத்துறாங்கள்?" எண்டு கேட்டவ.

— என்ன சொன்னேள்?

— ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னன். "அப்ப இருந்து சாப்பிடு" எண்டா.

— அம்மா ஓடினாளா? நீங்க சொன்னதே இல்லையே.

— நடந்தவ. தொண்ணூத்தஞ்சு ஒக்டோபர். யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரையும் வெளிக்கிடச் சொன்ன நேரம். எழுபத்தொரு வயசு அப்ப. மழை. கையில ஒரு றெக்சின் பை. அதுக்குள்ள அப்பான்ர படம், என்ர படிப்புச் சேட்டிபிக்கற்றுகள், ரெண்டு சீலை, கொஞ்ச அரிசி. றோட்டு முழுக்கச் சனம், அசைய இடமில்லை. பத்து மைல் போக அவவுக்குப் பதினெட்டு மணித்தியாலம்.

— கூட யாருமே இல்லையா?

— நாலு பிள்ளை பெத்தவ. ஒருத்தன் ரொறன்ரோ, ஒருத்தன் லண்டன், தங்கச்சி ஜெர்மனி. நான் இங்க, சான்டா கிளாராவில, நல்ல கட்டிலில படுத்துக் கிடந்தனான். அவவின்ர கடிதம் வர ஆறு கிழமை. மழையைப் பற்றி எழுதேல்லை. காலைப் பற்றியும் எழுதேல்லை. ஒரு வரிதான். "எதிரே ஆராவது வந்து பையை வாங்க மாட்டினமோ எண்டு பாத்துப் பாத்து நடந்தன்" எண்டு.

— அக்கா...

— றோட்டைப் பாரும். அடுத்த ஞாயிறு கடைக்குப் போய் ஒரு சோடி சப்பாத்து வாங்கினனான். அப்பிடித்தான் தொடங்கினது. ஏன் எண்டு இவருக்கும் சொல்லேல்லை. இந்த மலையை ஒருக்கா முழுசா ஓடி முடிச்சா, அந்த வரி என்னை விட்டிடும் எண்டு நினைச்சன். மெடலை அம்மாவுக்கு அனுப்ப நினைச்சன். வெக்கமாத்தான் இருக்கு சொல்ல.

— இதைத்தான் நான் கெடுத்தேனா! மிச்சம் பத்து மைல். அம்மா நடந்த அதே பத்து மைல். ஏன்க்கா முன்னாடியே சொல்லலை? சொல்லியிருந்தா அந்தத் தாளை ஆறாம் பக்கமும் படிச்சிருப்பேனே.

— காமாக்ஷி, திரும்பவும் வைப்பர்.

— போகட்டும் வைப்பர்! அம்மாகிட்ட என்ன சொல்லப் போறேள்? சொல்லுங்கோ. எனக்குத் தெரிஞ்சாகணும்.

— முடிக்கேல்லை எண்டு சொல்லுவன்.

— யாராலன்னு கேப்பாளே.

— கேப்பா. என்னால எண்டு சொல்லுவன்.

— எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். நீங்க களைச்சுப் போய்த் தலையைத் தொங்கப் போட்டுண்டு வந்தேள். நான்தான் பையை வாங்கிண்டேன். அந்தத் தொப்பிக்காரர் எங்கேர்ந்து வந்தாரோ, எனக்குப் பின்னாடி திடீர்னு நிக்கறார்.

— திடீரெண்டு இல்லை. உமக்கு முதுகுப் பக்கம், அதால நீர் காணேல்லை. எனக்கு நேர் முன்னுக்கு. அந்த வளைவிலயே, மரத்துக்குக் கீழ, கிளிப்போர்டோட நிண்டவர். நல்ல மனுசன். வேண்டாம், தராதையும் எண்டு எனக்குக் கையை ஆட்டிக் காட்டினவர்.

— பாத்தேளா?

— வடிவாப் பாத்தனான்.

— ரூல் தெரிஞ்சும்?

— மூண்டு வருஷமா மனப்பாடம். பையின்ர வார் தோளில இறுகி இருந்தது. நீர் இழுத்திருந்தா வந்திராது. நான்தான் கொக்கியைக் கழட்டித் தந்தனான்.

— அப்போ ஏன்க்கா குடுத்தேள்?

— நீர் கையை நீட்டிக்கொண்டு எதிரே வந்தீர், பிள்ளை. உமக்குப் பையைத் தராமல், அந்த மெடலை வாங்கி நான் என்ன செய்யிறது?