தப்பாக அம்பு போடத் தெரிந்த கட்டம் அக்காவுக்கு

கட்டங்களுக்குள் ஒரு நிறுவனத்தையே கட்டிப்போட்ட கைகாரியே! கோடு கிழித்தே குழப்பம் தீர்த்த கோமகளே! வெள்ளைப் பலகைக்கு ஒருநாளும் ஓய்வு கொடுக்காமல், இன்று தாங்கள் மட்டும் ஓய்வு பெறும் எங்கள் கட்டம் அக்காவே! வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் பாசம், பணிவு, பெருமை என்று வரிசையாக எழுத வேண்டுமாம். எழுதத்தான் உட்கார்ந்தோம், உண்மை முந்திக்கொண்டது. இத்தனை ஆண்டும் தங்கள்மேல் எங்களுக்கு இருந்தது பொறாமை. கலப்படமே இல்லாத வயிற்றெரிச்சல்! ஒன்றுமில்லாதவரைப் பார்த்து யாருக்கும் வயிறு எரிவதில்லை என்பதால், இதையே பாராட்டாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இந்த நிறுவனத்தில், யார் எதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஆராய்ந்து, அதற்கேற்பக் கணினி முறையை அமைத்துத் தருவது தங்கள் பிரிவின் வேலை. அதே வேலைக்கு எதிர் மேசையில் இன்னொருவர் உண்டு. நாங்கள் வைத்த பெயர் அறிக்கை அண்ணன். முன்வரிசையில் கைகளை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். எங்கள் எல்லோர் பொறாமையையும் மூட்டை கட்டினாலும் அவருடையதில் பாதி தேறாது. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.

அண்ணன் அறிக்கை எழுதினால் ஓர் எழுத்துப் பிழை இருக்காது. தடிமனுக்கும் குறைவிருக்காது. காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு முட்டுக்கொடுக்க அதைவிடத் தோதான பொருள் இந்தக் கட்டடத்தில் கிடையாது. தாங்களோ நாலு கட்டம், ஆறு அம்பு, சில குச்சி மனிதர்களை வரைந்து சுவரில் ஒட்டுவீர்கள். ஒருமுறை வாசல் காவலர் அதை எட்டிப் பார்த்து, “இதுல நான் எங்கம்மா இருக்கேன்?” என்று கேட்டார். அங்கேயே படத்தின் வாசலில் தொப்பியோடு ஒரு குச்சி மனிதன் முளைத்தான். மறுநாள் காவலர் தம் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். அறிக்கையைப் பார்க்க யாராவது மனைவியைக் கூட்டி வருவார்களா? அண்ணன் அன்று சாப்பிடவே இல்லை.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல், தங்கள் படத்தில் எப்போதும் ஒரு தப்பு இருக்கும் என்பதுதான். அதைச் சபையில் சுட்டிக்காட்ட நாள் பார்த்துக் காத்திருந்தார்.

வாய்ப்பும் வந்தது. பழுது நீங்கிய இயந்திரங்கள் வீடு போய்ச் சேராமல் ஸ்டோரில் குவிந்துகிடந்த காலம். காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்கே பிரிவின் தலைமை என்று மேலாளர் அறிவித்துவிட்டார். முதலில் அண்ணன் தம் அறிக்கையைப் படித்தார். படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். மேலாளரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. அடுத்துத் தாங்கள் எழுந்து வரைந்தீர்கள். பழுதுமேசையிலிருந்து நேராக வண்டிக்கு ஓர் அம்பு! மார்க்கரை ஸ்டோர் மீசைக்காரர் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள்.

‘மாட்டிக்கொண்டாள்’ என்று அண்ணன் எழுவதற்குள் மீசைக்காரர் எழுந்துவிட்டார்.

“அக்கா, நேரா வண்டிக்குப் போகுதுன்னு யாரு சொன்னா? எங்கிட்டதான் வரும். கணக்குல சீட்டு குடுத்தாத்தான் நான் வெளிய விடுவேன்.”

மார்க்கரைப் பிடுங்கி அம்பை அவரே திருத்தினார். கணக்குப் பிரிவின் கணக்கம்மா விடுவாரா?

“சீட்டா? நீங்க சரக்கை வெளிய விட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாத்தானே நான் சீட்டு போட முடியும்!”

அவரும் ஓர் அம்பு போட்டார். பேச்சு முறிந்த சம்பந்திகளைப் போல இரண்டு அம்புகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அறையே சிரித்தது.

“ரெண்டுமே என் அறிக்கையில இருக்கு சார்! ஸ்டோர் முதல் பக்கத்துல, கணக்கு கடைசிப் பக்கத்துல!” என்று அண்ணன் கத்தினார்.

“இருக்கும்ப்பா. நடுவுல நான் தூங்கிட்டேனே” என்றார் மேலாளர்.

தலைமை தங்களுக்குப் போனது. “தப்பா வரைஞ்சு தலைமை வாங்கின ஒரே ஆள்” என்று அண்ணன் கண்டவரிடமெல்லாம் புலம்பினார். ஆனால் பொறாமைக்காரன் கண் கழுகுக் கண். ஒரு கூட்டம் முடிந்ததும் தங்களிடமே வந்தார்.

“அக்கா, யார் வேலையைத் தப்பா வரையறீங்களோ, அவங்க முன்னாலதானே மார்க்கரை வைக்கிறீங்க?”

“கண்டுபிடிச்சிட்டியா தம்பி? ‘உங்க வேலை என்ன’ன்னு கேட்டா எல்லாரும் சாமியார் மாதிரி உட்காந்திருப்பாங்க. தப்பா வரைஞ்சு பாரு, சண்டைக்கே வருவாங்க.”

அண்ணனின் பொறாமை அன்றோடு ஆறியதா என்றால், இரட்டிப்பானது. “தப்பு பண்றதுலயும் என்னை முந்திட்டாங்களே!”

அவர் இத்தனை காலம் கண்வைத்த நாற்காலி நாளை முதல் அவருக்கு. கிடைத்துவிட்டது என்றால் தூக்கம் வர வேண்டுமே! போன வாரம் அவரும் பலகையில் ஒரு தப்பு அம்பு போட்டார். மார்க்கரை மீசைக்காரர் முன்னால் வைத்தார். மீசைக்காரர் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, “சார் வரைஞ்சா சரியாத்தான் இருக்கும்” என்று போய்விட்டார். மார்க்கர் வைத்த இடத்திலேயே கிடந்தது. அவர் கையிலிருந்து ஒருவரும் எதையும் பிடுங்கமாட்டார்களா என்பதுதான் இப்போது அவர் கவலை.

அக்கா, இந்த மடலின் அடியில் ஒரு படம் இருக்கிறது. அண்ணன் வரைந்தது. தங்கள் மேசை, பலகை, தொப்பிக் காவலர், மீசைக்காரர், கணக்கம்மா எல்லோரும் இருக்கிறோம். தங்கள் நாற்காலியிலிருந்து கிளம்பும் அம்பு வாசலைத் தாண்டி வெளியே போகிறது. அங்கிருந்து உள்ளே திரும்பி வரும் அம்பு மட்டும் இல்லை. யாராவது திருத்தலாம், படச்சட்டத்துக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை.

தாங்கள் நூறாண்டு நோயின்றி வாழ வேண்டும். கையும் கண்ணும் இதேபோலத் துறுதுறுவென்று இருக்க வேண்டும். போகும் இடத்திலும் நாலு பேர் வயிறு எரிய வேண்டும்.

இந்தத் தந்திரம் தங்களுடையதே என்பது தங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும், ஒரு தப்பு அம்பைப் பார்த்துக்கொண்டு தங்களால் சும்மா உட்கார முடியுமா? அண்ணன் கைகளைக் கட்டியிருப்பது அந்த அம்பைத் தாமே போட்டுவிடாமல் இருக்கத்தான். மார்க்கர் தங்கள் முன்னால் இருக்கிறது.

தீராப் பொறாமையுடன்,
பழுதுமேசை, ஸ்டோர், கணக்கு, காவல், எதிர் மேசை